யுஜிசி-டெப் அங்கீகாரம்: தொலைநிலைக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு விமர்சனம்

தொலைநிலைக் கல்வி நடத்துவதற்குப் பல்கலைக்கழகங்கள் பல்கலைக்கழக மானியக் குழுவிடம், அதாவது யுஜிசியிடம், வாங்க வேண்டிய அங்கீகாரத்தைப் பற்றி எழுதுகிறேன். இதைக் கவனிக்கும் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பணியகத்தைச் சுருக்கமாக டெப் என்பார்கள், அதனால் எங்கள் வட்டாரத்தில் இதற்கு 'டெப் அப்ரூவல்' என்று பெயர். தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கீகார விண்ணப்பம் தயாரிக்கும் குழுவில் இருந்திருக்கிறேன், சேர்க்கை நேரத்தில் கவுன்டரில் உட்கார்ந்து மாணவர்களோடும் பெற்றோர்களோடும் பேசவும் செய்கிறேன். அதனால் இந்த நடைமுறையை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கக் கிடைத்திருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாணவரின் பட்டம் செல்லாமல் போகாமல் காப்பதற்கு இந்த முறை, இதற்கு முன்பிருந்ததைவிட எவ்வளவோ மேல். ஆனால் அந்தப் படிப்பு நன்றாக நடக்குமா என்று சொல்ல இது போதாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு சேர்ந்தவர்கள்தான் பின்னால் அதிகம் வருத்தப்படுகிறார்கள்.

கொஞ்சம் பழைய கதை தேவைப்படுகிறது, ஏனென்றால் இன்றைய விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஏமாந்த வரலாறு இருக்கிறது. 1985-ல் இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் வந்தது. 1991-ல் இக்னோவுக்குள்ளேயே தொலைநிலைக் கல்விக் குழு, அதாவது டெக், அமைக்கப்பட்டது. தானே ஒரு தொலைநிலைப் பல்கலைக்கழகத்தை நடத்திக்கொண்டு மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் அங்கீகாரம் கொடுக்கும் ஏற்பாடு அது. சரியாக வரவில்லை. டெக் பல நிறுவனங்களுக்கு மொத்தமாகவும், சிலவற்றுக்கு நடத்தி முடித்த படிப்புகளுக்குப் பின்தேதியிலும் ஒப்புதல் கொடுத்தது. அதன் விலை 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தெரிந்தது. சேலத்தைச் சேர்ந்த ஒன்று உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் அதில் அடிபட்டன. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏஐசிடிஇ நடத்தும் தேர்வை அதிகபட்சம் இரண்டு வாய்ப்புக்குள் எழுதித் தேறினால்தான் அவை செல்லும் என்றார்கள். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து. வேலையில் சேர்ந்து, பதவி உயர்வு வாங்கி, குடும்பம் குழந்தை என்று ஆன பிறகு, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, உன் பட்டம் பட்டமே இல்லை என்றால் எப்படி இருக்கும்? அவர்களில் யாரும் அங்கீகாரமே இல்லாத இடத்தில் சேரவில்லை. நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்தது, அந்தப் படிப்புக்கு இல்லை. இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் நிறுத்திக்கொண்டால், இனி நான் சொல்லப்போவது எல்லாம் எளிதாகப் புரியும்.

2013-ல் டெக் கலைக்கப்பட்டு, யுஜிசிக்குள் தொலைநிலைக் கல்விப் பணியகம், டெப், வந்தது. 2017-ல் முதல் விரிவான விதிமுறைகள், பிறகு 2020 செப்டம்பர் 4 அன்று தொலைநிலைக்கும் இணையவழிக்கும் சேர்த்து ஒரே விதிமுறைகள். இப்போது நடப்பது இந்த 2020 விதிமுறைகளும் அதற்கு வந்த திருத்தங்களும்தான்.

நல்லதை முதலில் சொல்கிறேன். இந்த முறையின் மிகப் பெரிய பலம், அங்கீகாரம் படிப்புவாரியாகக் கொடுக்கப்படுவது. பல்கலைக்கழகத்துக்கு வரும் கடிதத்தில் எந்தெந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டிலிருந்து எந்தக் கல்வியாண்டு வரை என்று தெளிவாக இருக்கும். எம்.ஏ. தமிழுக்கு உண்டு என்பதால் எம்.ஏ. வரலாற்றுக்கும் உண்டு என்று ஆகாது. வருடத்துக்கு இரண்டு சேர்க்கைப் பருவம், ஜூலை-ஆகஸ்ட் ஒன்று, ஜனவரி-பிப்ரவரி ஒன்று. ஒரு பருவத்தில் அனுமதி இருந்து அடுத்ததில் இல்லாமல் போகவும் வாய்ப்பு உண்டு. பட்டத்தின் பெயர்கூட யுஜிசி அறிவித்திருக்கும் பெயர்ப் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். விளம்பரத்துக்காகப் புதிதாக ஒரு பெயரைக் கண்டுபிடித்துப் பட்டம் கொடுக்க முடியாது. டெப் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடினால் இந்தப் பட்டியல் கிடைக்கிறது, பணம் கட்டத் தேவையில்லை, யாரையும் கேட்கத் தேவையில்லை. டெக் காலத்தில் இந்த மாதிரி ஒரு பட்டியல் ஒவ்வொரு மாணவன் கையிலும் இருந்திருந்தால் அந்த நான்கு பல்கலைக்கழக மாணவர்களின் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

எதைத் தொலைநிலையில் நடத்தவே கூடாது என்பதும் தெளிவாக இருக்கிறது. பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், கட்டடக்கலை, சட்டப் பட்டம் போன்றவை கிடையாது. எம்.ஃபில்., பிஎச்.டி. கிடையாது. எம்.பி.ஏ., எம்.சி.ஏ. போன்றவற்றுக்கு ஏஐசிடிஇ பக்கமும், பி.எட்.டுக்கு ஆசிரியர் கல்வியைக் கவனிக்கும் என்சிடிஇ பக்கமும் போக வேண்டும். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் போன்றவற்றையும் நிறுத்திவிட்டார்கள். எம்.எஸ்சி. உளவியலுக்குத் தொலைநிலையில் நல்ல கூட்டம் இருந்தது, இப்போதும் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். சுகாதாரத் தொழிலோடு நேரடியாகத் தொடர்புள்ள படிப்பை நோயாளியையே பார்க்காமல் முடிக்கக் கூடாது என்ற காரணம் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் பள்ளி ஆலோசகராக வேலை செய்துகொண்டே படிக்க நினைத்த ஆசிரியைகளுக்கு வேறு வழி என்ன என்பதையும் அந்த அறிவிப்போடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இனி பல்கலைக்கழகத்தின் பக்கத்திலிருந்து இந்த நடைமுறை எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். விண்ணப்பம் கோரி அறிவிப்பு வரும். இணையதளத்தில் விண்ணப்பம், கூடவே முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம், ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு திட்ட அறிக்கை (எல்லோரும் பிபிஆர் என்பார்கள்), பாடப்புத்தகங்கள், ஆசிரியர் பட்டியல், கற்போர் உதவி மையங்களின் விவரம், இவை எல்லாவற்றுக்கும் கல்விக் குழு, ஆட்சிக் குழு ஒப்புதல் தீர்மானங்கள். நேரடிப் படிப்பும் தொலைநிலையும் சேர்த்து நடத்தும் இரட்டை முறைப் பல்கலைக்கழகமாக இருந்தால், தொலைநிலையில் கேட்கும் படிப்பு ஏற்கெனவே வளாகத்தில் நேரடியாக நடந்துகொண்டிருக்க வேண்டும், ஒரு அணியாவது படித்து முடித்து வெளியே போயிருக்க வேண்டும். நல்ல விதி இது. வளாகத்தில் அந்தத் துறையே இல்லாமல், நாலு அதிதி விரிவுரையாளர்களை வைத்துப் புத்தகம் எழுதி விற்ற காலம் இதனால் முடிந்தது.

பிபிஆர் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நடைமுறையின் உயிர் அதில்தான் இருக்கிறது. இந்தப் படிப்பு யாருக்காக, அவர்களுக்குத் தொலைநிலை முறை ஏன் பொருந்தும், எப்படிப் பாடம் நடத்துவீர்கள், எப்படித் தேர்வு வைப்பீர்கள், ஆய்வகமும் நூலகமும் எங்கே, எவ்வளவு செலவாகும், தரத்தை யார் எப்படிக் கவனிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. உட்கார்ந்து யோசித்து எழுதினால் ஒரு துறையையே சீர்படுத்தும் கேள்விகள் இவை. எங்கள் துறை ஒன்றில் 'யாருக்காக' என்ற தலைப்புக்கு எழுதும்போதுதான், முந்தைய சேர்க்கைப் படிவங்களை எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள், கல்யாணமாகிப் படிப்பை விட்டவர்கள். நேர்முக வகுப்புகளை ஞாயிறு முழுநாளாக வைத்திருந்தோம். வீட்டில் எல்லோரும் இருக்கும் அந்த ஒரு நாளில் அவர்களால் எப்படி வர முடியும்? சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை மட்டும் என்று மாற்றினோம், வருகை கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடியது. யுஜிசி நேரடியாக இதைச் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் கேட்ட கேள்விதான் எங்களை அந்தப் படிவங்களை எடுக்க வைத்தது.

ஆனால் இதே பிபிஆரை விலைக்கு வாங்கலாம். அங்கீகார ஆலோசனை என்ற பெயரில் இயங்கும் ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) எங்களுக்கு மாதிரி என்று ஒரு எம்.ஏ. தமிழ் பிபிஆர் அனுப்பியது. அழகான அட்டை, நல்ல தாள். உள்ளே 'இலக்குக் கற்போர்' என்ற இடத்தில், வங்கி மற்றும் காப்பீட்டுத் துறையில் பணிபுரிவோர் என்று இருந்தது. எம்.காம்.முக்கு எழுதியதை அப்படியே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். செலவு மதிப்பீட்டில் ஆய்வகப் பராமரிப்புக்கு ஒரு தொகை. தமிழ் இலக்கியத்துக்கு என்ன ஆய்வகம்? அதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம், ஆனால் எத்தனையோ இடங்களில் இதையே பெயர் மாற்றிப் போட்டிருப்பார்கள் என்ற கவலை எனக்குப் போகவில்லை. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் நிபுணர் குழு தாள்களைத்தான் பார்க்கிறது. ஒரே வாசகம் பத்துப் பல்கலைக்கழகங்களின் பிபிஆரில் வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண மென்பொருள் போதும். மாணவர் எழுதும் ஆய்வேட்டுக்கு அதைக் கட்டாயமாக்கிய யுஜிசி, பல்கலைக்கழகங்கள் எழுதும் அறிக்கைக்கும் வைக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்தது பாடப்புத்தகம், எஸ்எல்எம். யுஜிசியின் வழிகாட்டுதல் அதற்கு விரிவாகவே இருக்கிறது: தானே விளக்க வேண்டும், தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும், படிப்பவர் தன்னையே சோதித்துப் பார்க்க இடம் தர வேண்டும் என்று. ஒரு கிரெடிட் என்றால் மாணவர் 30 மணி நேரம் படிக்க வேண்டும் என்ற கணக்கும் இருக்கிறது. எம்.காம். அடக்கவிலைக் கணக்கியல் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். செயல்முறைக் கணக்குப் பாடத்தில் அசாதாரண நட்டம் வருகிற கணக்குதான் எல்லோருக்கும் இடிக்கும் இடம். பழைய புத்தகத்தில் செய்து காட்டிய கணக்குகள் வரிசையாக இருந்தன, பாடம் முடிந்தது. நூற்பாலையில் ஷிப்ட் முடித்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து படிக்கிறவர், செய்து காட்டியதைப் பார்க்கும்போது புரிந்த மாதிரித்தான் இருக்கும், பரீட்சையில் எண்களை மாற்றிக் கொடுத்தால் கை நின்றுவிடும். புதிய புத்தகத்தில் ஒவ்வொரு செய்து காட்டிய கணக்குக்கும் அடியில் அதே வகையில் செய்யாத கணக்கு ஒன்று, விடை மட்டும் கடைசிப் பக்கத்தில், நடுவில் எங்கே தவறும் என்பதற்கு ஒரு வரி. இதைச் செய்ய ஒரு பேராசிரியைக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆனது. விண்ணப்பத்தில் பழைய புத்தகமும் புதிய புத்தகமும் ஒரே பெட்டியில் ஒரே டிக் மார்க்தான் வாங்கும். அவர் உழைப்புக்கு அந்தப் படிவத்தில் தனியாக ஒரு இடம் கிடையாது.

இப்போது என் மிகப் பெரிய குறைக்கு வருகிறேன். தொலைநிலை நடத்த முதல் தகுதி, உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த மதிப்பெண் 4-க்கு 3.01 ஆவது இருக்க வேண்டும், அல்லது முந்தைய இரண்டு சுற்றுகளில் ஒரு முறையாவது மத்திய அரசின் தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100-க்குள் வந்திருக்க வேண்டும். 3.01 என்றால் 'ஏ' கிரேடு தொடங்கும் இடம். இணையவழிப் படிப்பை முன்அனுமதி இல்லாமலே தொடங்க வேண்டுமானால் 3.26, அதாவது 'ஏ ப்ளஸ்'. நாக் பார்ப்பது பாடத்திட்டம், கற்பித்தல், ஆய்வு, கட்டமைப்பு, மாணவர் ஆதரவு, நிர்வாகம், விழுமியங்கள் என்று ஏழு அளவுகோல்கள். இரட்டை முறைப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனிக் கையேடும் நாக் வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் எடை பெரும்பாலும் வளாகத்தின் பக்கம்தான் சாய்கிறது. ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை, காப்புரிமை எத்தனை, விடுதி எப்படி, ஸ்மார்ட் வகுப்பறை எத்தனை. தர்மபுரியிலோ திருவாடானையிலோ இருந்துகொண்டு தபாலில் வரும் புத்தகத்தை நம்பிப் படிக்கிறவருக்கு இவற்றில் எது பயன்படும்? புத்தகம் பருவம் தொடங்கி எத்தனை நாளில் கையில் கிடைத்தது, ஒப்படைப்பு திருத்தப்பட்டுக் குறிப்போடு திரும்பி வந்ததா, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், தேர்வு முடிவு எப்போது வந்தது, போனை எடுக்கிறார்களா: இந்த ஐந்தையும் அளந்து ஒரு எண்ணாகப் போட்டால் போதும், தொலைநிலை மாணவருக்கு 3.01-ஐவிட அது நூறு மடங்கு உதவும்.

நாக் மதிப்பீட்டின் நம்பகத்தன்மை பற்றியும் கேள்வி வந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் ஆந்திராவில் ஒரு கல்வி நிறுவனத்துக்குச் சாதகமான கிரேடு கொடுக்க லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுத் தலைவர், உறுப்பினர்கள் உட்படப் பலரைச் சிபிஐ கைது செய்தது. ஒரு வழக்கை வைத்து எல்லோரையும் சந்தேகப்பட வேண்டாம், நேர்மையாக வந்து நேர்மையாகப் பார்த்துவிட்டுப் போன குழுக்களையும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரே எண்ணை வைத்துத் தொலைநிலைக் கல்வியின் கதவைத் திறப்பதும் மூடுவதும் எவ்வளவு ஆபத்து என்பதை அது காட்டியது. இன்னொரு நடைமுறைச் சிக்கல், நாக் சான்றுக்குக் காலவரம்பு உண்டு. அது முடிந்து அடுத்த சுற்று தாமதமானாலோ மதிப்பெண் இறங்கினாலோ, தொலைநிலைப் பிரிவு என்ன நன்றாகச் செய்திருந்தாலும் புதிய சேர்க்கை நின்றுபோகும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அந்த மதிப்பெண்ணில் ஒரு புள்ளியைக்கூடத் தங்கள் கையால் ஏற்ற முடியாது.

உள்தர உறுதி மையம், சிக்கா, என்று ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் வைக்க வேண்டும் என்பது விதி. காகிதத்தில் அருமையான ஏற்பாடு, வருடாந்திர அறிக்கை எழுதி இணையதளத்தில் போட வேண்டும். எங்கே அதன் இயக்குநருக்குத் தொலைநிலைக் கல்வி இயக்குநரிடம் 'இது சரியில்லை' என்று எழுதிக் கொடுக்கும் தைரியமும் பதவி உயரமும் இருக்கிறதோ அங்கே வேலை செய்கிறது. மற்ற இடங்களில் கையெழுத்து போடும் மேசை.

மாணவர் பக்கத்துக்கு வருகிறேன். கவுன்டரில் எனக்கு அதிகம் கோபம் வருவது படிப்பு மையங்களின் விளையாட்டைப் பார்த்துத்தான். இப்போதைய விதிப்படி கற்போர் உதவி மையத்தைத் தனியாருக்கு ஏலம் விடுகிற மாதிரி உரிமைக்குக் கொடுக்கவே கூடாது, அதே துறைப் பாடங்களை நடத்தும் முறையான கல்லூரியில்தான் இருக்க வேண்டும், பல்கலைக்கழகத்தின் எல்லைக்கு வெளியே இருக்கக் கூடாது. இருந்தும் ஜெராக்ஸ் கடை மாடியில் 'அனைத்துப் பல்கலைக்கழகப் படிப்புகளும் இங்கே' என்ற போர்டு இன்றும் எல்லா ஊரிலும் தொங்குகிறது. அப்படி ஓர் இடத்தில் பணம் கட்டிய ஒரு பெண் எங்களிடம் வந்தார், அங்கன்வாடியில் வேலை செய்பவர். அவர் கையில் ஓர் அங்கீகாரக் கடிதத்தின் நகல் இருந்தது, யுஜிசி முத்திரையோடு. கடிதம் உண்மைதான். ஆனால் அதில் இருந்த கல்வியாண்டு முடிந்துபோன ஒன்று, அவர் சேர்ந்த படிப்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை. அவரிடம் ஆங்கிலத்தில் இருந்த அந்தக் கடிதத்தை யாரும் படித்துக் காட்டவில்லை. "சீல் இருக்குதுங்களே" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். நாங்கள் டெப் தளத்தைத் திறந்து காட்டிய பிறகு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

இதனால்தான் சொல்கிறேன், இந்தச் சேவை மாணவருக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவுக்கு அவர் மொழியில் இல்லை. தொலைநிலையில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து, பல வருட இடைவெளிக்குப் பிறகு வருகிறவர்கள். அங்கீகாரப் பட்டியல், கடிதம், எச்சரிக்கை அறிவிப்பு எல்லாம் அவரவர் மாநில மொழியில் கிடைக்க வேண்டும். இது பெரிய செலவு பிடிக்கும் வேலையும் இல்லை.

டெப் ஐடி பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 2024 செப்டம்பரில் தொடங்கிய பருவத்திலிருந்து, தொலைநிலையிலோ இணையவழியிலோ சேரும் ஒவ்வொரு இந்திய மாணவரும் டெப் தளத்தில் தானே பதிவு செய்து இந்த எண்ணை வாங்க வேண்டும்; அதற்கு முன் டிஜிலாக்கர் மூலம் ஏபிசி ஐடி, அதாவது மாணவரின் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண், இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன், ஏனென்றால் அனுமதியில்லாத சேர்க்கையைப் பின்தேதியிட்டு நுழைப்பது இதனால் கடினமாகிறது. ஆனால் நம் ஊர்ப் பெயர்களோடு இதற்குப் பெரிய பிணக்கு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'க. முருகேஸ்வரி' என்று இருக்கும், ஆதாரில் இனிஷியல் பின்னால் போய் 'முருகேஸ்வரி க' ஆகியிருக்கும், அல்லது கணவர் பெயர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். இதைச் சரிசெய்யாமல் அவசரத்தில் பதிவு செய்துவிட்டால், கடைசியில் பட்டச் சான்றிதழ் வரை இந்தப் பெயர்த் தகராறு கூடவே வரும். ஆகவே சேர்க்கைக்கு முன்பே ஆதாரையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். அப்புறம், இந்தப் பதிவைப் படிப்பு மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ வேறு யாருடைய மொபைல் எண்ணை வைத்தும் செய்ய விடாதீர்கள்.

யாரும் கவனிக்காத ஒரு விதியையும் சொல்ல வேண்டும். தொலைநிலைப் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் இவற்றின் பின்பக்கத்தில் படித்த முறை, சேர்ந்த தேதி, முடித்த தேதி, உதவி மையத்தின் பெயர் முகவரி, தேர்வு மையத்தின் பெயர் முகவரி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் முதல் பருவ மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலோ, நீங்கள் போகாத ஊரின் மையம் அங்கே இருந்தாலோ, மூன்றாம் வருடம் வரை காத்திருக்காமல் அப்போதே எழுத்தில் கேளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பின்போது உண்மைத்தன்மைச் சான்று கேட்டு உங்கள் அலுவலகம் எழுதும் நாளில் இந்தச் சின்ன விவரங்கள்தான் பேசும்.

அரசு வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. டெப் அங்கீகாரம் இருந்தால் பட்டம் செல்லும்; தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி மீண்டும் தெளிவுபடுத்தியது. ஆனால் தமிழ்நாடு அரசுப் பணிக்கு 2009-ஆம் ஆண்டின் அரசாணை 107 இருக்கிறது: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் நேராக வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டு பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் தடுமாறியவர்கள் ஏராளம். அங்கீகாரம் வேறு, பணித் தகுதி வேறு. இதைச் சேர்க்கைக் கவுன்டரிலேயே சொல்ல வேண்டியது பல்கலைக்கழகத்தின் கடமை, எங்கள் பிரிவில் இப்போது படிவத்தின் முதல் பக்கத்திலேயே தமிழில் அச்சிட்டிருக்கிறோம்.

புகழ்பெற்ற பெயர் என்பதால் பார்க்காமல் சேரலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை விடப் பெரிய பெயர் தொலைநிலையில் தமிழ்நாட்டில் எது? அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் என்று 2022 மார்ச்சில் யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டபோது எத்தனை வீடுகளில் தூக்கம் போனது என்பதை நேரில் பார்த்தோம். எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும், நீங்கள் சேரும் பருவத்தில், நீங்கள் சேரும் படிப்பு, டெப் பட்டியலில் இருக்கிறதா என்று அன்றைக்குப் பார்க்க வேண்டும். அந்த அறிவிப்பில் எனக்குப் பெரிய வருத்தம் அதன் தாமதம். 2015-ல் சொல்லியிருக்க வேண்டியதை 2022-ல் சொன்னால், இடையில் சேர்ந்தவர்கள் என்ன செய்வார்கள்? அங்கீகாரம் முடியும் நாளன்றே தளத்தில் சிவப்பு எழுத்தில் வர வேண்டும், அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்திலும் அதே நாளில் வர வேண்டும்.

மதிப்பெண் கேட்டால், மாணவரின் பட்டத்தைக் காப்பதற்கு 5-க்கு 4 கொடுப்பேன். படிப்பின் தரத்தைச் சொல்வதற்கு 2-க்கு மேல் மனம் வரவில்லை. விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகப் பிரிவுகளுக்கு நான் சொல்வது, பிபிஆரை வெளியே கொடுத்து எழுத வேண்டாம், துறைத் தலைவரையும் கவுன்டரில் உட்காரும் உதவியாளரையும் ஒரே அறையில் வைத்து எழுதுங்கள். ஆட்சிக் குழுத் தீர்மானங்களை அறிவிப்பு வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள், பெரும்பாலான விண்ணப்பங்கள் குறைபாடு காட்டித் திரும்புவது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். பாடப்புத்தகத்தைத் தொலைநிலையில் ஏற்கெனவே படித்து முடித்த ஒருவரிடம் கொடுத்து எங்கே புரியவில்லை என்று கோடு போட்டு வாங்குங்கள்.

சேரப்போகிற மாணவர்கள், டெப் பட்டியலைப் பார்த்த பிறகு, பல்கலைக்கழகத்தின் தளத்தில் அந்தப் படிப்பின் பிபிஆரையும் ஒரு தடவை திறந்து படியுங்கள். அதை வெளியிட வேண்டும் என்பது விதி, எனவே இல்லையென்றால் ஏன் இல்லை என்று மின்னஞ்சலில் கேட்கலாம். நேர்முக வகுப்பு எத்தனை, ஒப்படைப்பை யார் திருத்துவார்கள், புத்தகம் எப்போது வரும் என்று அவர்களே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பருவம் தொடங்கிய பிறகு அதில் ஏதாவது நடக்கவில்லை என்றால், பக்க எண்ணைக் குறிப்பிட்டு முதலில் தொலைநிலைக் கல்வி இயக்குநருக்கு எழுதுங்கள், நகலைச் சிக்காவுக்குப் போடுங்கள், பதில் வராவிட்டால் அதே கடிதத்தை டெப்புக்கு அனுப்புங்கள். பக்க எண்ணோடு வருகிற கடிதத்துக்கு எங்கள் அலுவலகத்தில் உடனே கோப்பு திறப்பார்கள்.